நிரைக்குள் வரலாமா?

கஞ்சிக்கோட்டிலிருந்து பாலக்காட்டுக்கு வரும் பஸ்ஸில் ஒரு மாலை ஜன்னலோர இடம் கிடைத்தது. அங்கே உட்கார்ந்துதான் அந்த அறிவிப்பைப் படித்தேன். ஆராய்ச்சியில் புதிதாகக் கால் வைத்தவர்களுக்கான உதவித்தொகை. என் கைப்பேசித் திரையில் குறுக்கே ஒரு கீறல். எழுத்துகளை மேலும் கீழும் தள்ளித் தள்ளித்தான் படிக்க வேண்டும். அப்படியும் கடைசி வரி வரைக்கும் படித்து முடித்துத் தலையை நிமிர்த்தினால், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிருந்தது. முனைவர் பட்டம் வாங்கி இத்தனை ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். அந்த ஆண்டுதான் எனக்குக் கடைசி. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் என் பட்டத்துக்கு வயதாகிப் போயிருக்கும்.

நான் படித்தது பிசியோதெரபி. பட்டம் வாங்கியது, நாள் முழுக்க வேலை செய்கிற உடம்பில் வலி எங்கே வந்து குடியேறுகிறது என்பதைப் பற்றி. பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராக இருந்தேன். அதாவது விருந்தாளி. விருந்தாளியை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்றால் எனக்கு இருந்த ஒரே வழி இந்த உதவித்தொகைதான். எதை ஆராய்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிற பெண்களின் தோள்.

நான் பிறந்தது அங்கே, தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். அப்பாவும் அம்மாவும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தேனிப் பக்கம் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் இப்போது வேறு குடும்பம். ஆனால் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். பெயர் வேண்டாம், பெஞ்சுக்காரி என்றே வைத்துக்கொள்வோம். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. நான் விடுதியில் சேர்ந்து மேலே படிக்கப் போனேன். அவள் கொழுந்து வெட்டும் கத்திரியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மகளுக்குத் தலை பின்ன அவள் பட்ட பாட்டைப் பார்த்தேன். வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. மகளைத் தரையில் உட்கார்த்தி, தான் கட்டில் மேல் ஏறி உட்கார்ந்து, மேலிருந்து கீழாகப் பின்னினாள். ஒரு பின்னல் முடிந்ததும் கையை உதறிக்கொண்டு, "மத்தத உங்கப்பா வந்து போடுவாரு, போ" என்றாள். ஒற்றைப் பின்னலோடு பூசைக்குப் போக மாட்டேன் என்று பிள்ளை அழுதது. வலியைப் பற்றிச் செங்கல் கனத்துக்குப் புத்தகம் எழுதிப் பட்டம் வாங்கியவள் நான். மிச்சப் பின்னலைப் போட்டுவிட்டு வந்ததைத் தவிர அன்றைக்கு என்னால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. கிளம்பும்போது அவளுடைய பழைய கத்திரி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். எதற்கென்று எனக்கே தெரியாது.

அறிவிப்பில் ஒரு நிபந்தனை இருந்தது. தனியாள் விண்ணப்பிக்க முடியாது. வேறொரு நிறுவனத்திலிருந்து இன்னொரு இளம் ஆராய்ச்சியாளர் கூட்டாளியாக இருக்க வேண்டும். யாரைப் பற்றிய ஆராய்ச்சியோ அவர்களும் கூட்டாளியாகச் சேர்ந்து சம்மதக் கடிதம் தர வேண்டும். எனக்கு யாரைத் தெரியும்? தெரிந்தவர்கள் எல்லோருக்கும் எழுதினேன். "பார்க்கலாம்" என்றார் ஒருவர். "நல்ல யோசனை, வாழ்த்துகள்" என்றார் இன்னொருவர். வாழ்த்து யாருக்கு வேண்டும்! நான் கேட்டது ஆள்.

ஆள் கிடைத்தது ஒரு சண்டையில்.

கஞ்சிக்கோட்டில் ஆலைத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றி ஒருநாள் கருத்தரங்கு. என் வயதுப் பெண் ஒருத்தி மேடையில் ஏறி, மூட்டை தூக்குகிறவர்களின் கையில் பட்டை போலொரு கருவியைக் கட்டி அளந்ததைப் பற்றிப் பேசினாள். சமீபத்தில்தான் முனைவர் பட்டம் வாங்கி, அங்கேயே ஒரு பொறியியல் கல்லூரியில் ஆசிரியையாகச் சேர்ந்தவள். கருவிகளைத் தன் கையாலேயே செய்கிறவள். எனக்கு வாயைக் கட்டி வைக்கத் தெரியாது. கேள்வி நேரத்தில் எழுந்து, "எவ்வளவு கனம் என்று அளந்திருக்கிறீர்கள். ஒரு நாளில் எத்தனை தடவை என்று அளக்கவில்லையே? தோள் கனத்தால் மட்டுமா போகிறது?" என்று கேட்டேன். அவள் ஒரு பதில் சொன்னாள். நான் விடவில்லை. அவளும் விடவில்லை. கடைசியில் தலைவர் மணியடித்து இரண்டு பேரையும் உட்கார வைத்தார்.

வெளியே டீக்கடையில் நான் முறைத்துக்கொண்டு நிற்க, அவளே வந்தாள்.

"ஏனுங்க, சண்டை போட்டது போதுங்களா? வாங்க, ஒரு டீ குடிக்கலாம். நீங்க கேட்டது சரிதானுங்க. என்ற கிட்ட அதுக்குப் பதிலில்லீங்க. அந்தக் கோபத்துலதான் கத்திப்புட்டேன்."

கோபம் போன இடம் தெரியவில்லை. முட்டை பப்ஸ் சுற்றி வந்த காகிதத்திலேயே நான் கத்திரியை வரைந்து காட்டினேன்: இரண்டு கையாலும் பிடித்து வெட்டுவது, அலகோடு சேர்ந்த பெட்டியில் கொழுந்து விழுவது, பெட்டி நிறைந்ததும் முதுகில் தொங்கும் சாக்கில் கொட்டுவது. அவள் காகிதத்தை என் கையிலிருந்து பிடுங்கி, எங்கெங்கே பட்டையைக் கட்டலாம் என்று புள்ளி வைத்தாள். நான் ஒரு வாக்கியம் தொடங்கினால் அவள் முடித்தாள். அவள் "சித்தெ இருங்க" என்பாள், நான் "அதில்லைங்கேன்" என்பேன். ஒருத்தி தமிழைக் கேட்டு மற்றவள் சிரிப்பாள். நாலு டீ குடித்தோம். கடைக்காரர் நாற்காலியைக் கவிழ்க்கத் தொடங்கியபோது நாங்கள் கூட்டாளிகள். பஸ்ஸில் ஏறியும் உட்கார முடியவில்லை. இடம் காலியாக இருந்தும் பாலக்காடு வரை நின்றுகொண்டே வந்தேன். அப்படி ஒரு குஷி!

வேலையைப் பிரித்துக்கொண்டோம். தோட்டம், பெண்கள், வலி எல்லாம் என் பகுதி. கருவி, எங்கே கட்டுவது, எப்படி அளப்பது எல்லாம் அவள் பகுதி. கூட்டாளிக் கடிதத்தில் ஒப்பு, அதாவது கையெழுத்து, போட்டு மறுநாளே அனுப்பிவிட்டாள். நான் கத்திரியைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். என் பகுதியை மூன்றே நாளில் எழுதி முடித்தேன். அவள் பகுதி வரவில்லை. கேட்டால், "சித்தெ பொறுங்க, ஒண்ணு பாக்கோணும்" என்றாள். இரண்டு நாள். மூன்று நாள். நான்காம் நாள் போனையே எடுக்கவில்லை. கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாள்தான்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத்தான் இப்படிச் செய்யத் தோன்றும்.

தோட்டத்தில் ஆளுக்கு ஒரு நிரை. நிரை என்றால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒருத்திக்கு விட்ட வரிசை. தன் நிரையைச் சீக்கிரம் முடித்தவள், பின்தங்கியவளின் நிரைக்கு எதிர்முனையில் போய் இறங்கி, அங்கிருந்து வெட்டிக்கொண்டே வருவாள். நடுவில் இரண்டு பேரும் சந்திக்கும்போது நிரை முடிந்திருக்கும். கை கொடுப்பது என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூடம் விட்டு மேல்ரோட்டில் வரும்போது இதைத் தினமும் பார்த்து வளர்ந்தவள் நான். யாரும் யாரிடமும் உதவி கேட்க மாட்டார்கள், யாரும் நன்றியும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அது அவ்வளவு பிடிக்கும்.

என் கூட்டாளி பின்தங்கியிருக்கிறாள், பாவம், கல்லூரியில் என்ன தொல்லையோ என்று நினைத்தேன். அவளுடைய பகுதியை நானே எழுதினேன். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, எங்கெங்கோ படித்து, வெட்டும்போது தோளில் பட்டையைக் கட்டி அளப்பது என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். அவள் பெயரையும் கீழே போட்டேன். "முடிச்சாச்சு! இனி நிம்மதியா இருங்க!" என்று எழுதி அனுப்பிவிட்டு, எனக்கு நானே ஒரு மசால் தோசை வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

தோசை பாதியில் இருக்கும்போது போன் வந்தது.

"ஏனுங்க, இது என்னதுங்க?"

"உங்க பகுதிதான். எழுதிட்டேன்."

"அது தெரியுதுங்க. என்ற பகுதிய நீங்களே எழுதிப்போட்டா நான் எதுக்குங்க? பேரு போடறதுக்கா?"

உதவி செய்யத்தானே செய்தேன் என்றேன். அவள் குரல் ஏறியது. "நாலு நாளா நான் என்ன பண்ணீட்டிருந்தேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? என்ற கையில பட்டையக் கட்டீட்டு, உங்க கத்திரிய எடுத்து, காலேஜு வாசல் செடிவேலிய வெட்டீட்டிருந்தனுங்க! வாட்ச்மேன் என்னைப் பாத்துச் சிரிக்கறாரு. வெட்டறப்போ ஒண்ணுமேயில்லீங்க. பெட்டிய முதுகுப்பக்கமாத் தூக்கிக் கொட்டறப்போதான் கம்ப்யூட்டர்ல கோடு வானத்துக்குப் போகுது. நீங்க கொட்டறதப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கீங்களா?"

எழுதவில்லை. டீக்கடைக் காகிதத்தில் நானே வரைந்து காட்டிய கொட்டுதலை, பக்கம் பக்கமாக எழுதும்போது மறந்தே போயிருந்தேன்.

அதை அப்போதே ஒப்புக்கொண்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "போனை எடுத்துச் சொல்லியிருக்கலாமே! பத்து நாள்தான் இருக்கு, எனக்கு இது கடைசி வருஷம், உங்களுக்கென்ன, இன்னும் வருஷம் கிடக்கு" என்று பொரிந்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு வேண்டாமுங்க. நான் ஒப்புப் போட்ட கடுதாசியத் திருப்பிக் குடுத்துருங்க." போனை வைத்துவிட்டாள். மிச்சத் தோசையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

கூட்டாளி இல்லையென்றால் விண்ணப்பமே இல்லை. இன்னொருத்தியை எங்கே போய்த் தேடுவது? ஆனாலும் வெறுமனே உட்கார்ந்திருக்க என் புத்தி விடாது. பெண்களின் சம்மதக் கடிதத்தையாவது வாங்கி வைப்போம் என்று மறுநாள் விடிவதற்கு வெகு முன்பே கிளம்பினேன். கோட்டயத்தில் மாறி, முண்டக்கயம் தாண்டி மலையேறுகிற அரசு பஸ்ஸில், வளைவுக்கு வளைவு அவளைத் திட்டிக்கொண்டே போனேன். நல்லது செய்தால் இதுதான் மரியாதை, இனிமேல் யாருக்காவது கை கொடுப்பேனா என்று. பஸ்ஸை விட்டு ஜீப் பிடித்துத் தோட்டத்தில் இறங்கியபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெண்கள் தேயிலைக்கு நடுவே கொட்டகையில் உட்கார்ந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"ஏட்டி! சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்க!" பெஞ்சுக்காரி எழுந்து வந்து, வலிக்காத கையால் என்னை இழுத்து அணைத்தாள். மூச்சு விடாமல் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். நிரை, கை கொடுப்பது, கஞ்சிக்கோட்டுக்காரியின் கோபம், கடிதத்தைத் திருப்பிக் கேட்டது எல்லாம். என் பக்கம்தான் பேசுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு வாய்ச் சோற்றை மென்று விழுங்கிவிட்டுக் கேட்டாள்.

"கூப்பிட்டியாட்டி?"

"யாரை?"

"அவளத்தான். நெரைக்குள்ள எறங்குறதுக்கு முன்னால கூப்பிட்டியா?"

"எதுக்குக் கூப்பிடணும்?"

கொட்டகையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்குச் சிரிப்பில் புரையேறியது. "மாதாவே! இவ டாக்டராம்ல!" என்றாள் பெஞ்சுக்காரி. "இங்க பாரு. எதிர்முனையில நின்னுக்கிட்டு, 'ஏட்டி, வரட்டா?'ன்னு கூப்பிடணும். அவ 'வா'ன்னாத்தான் எறங்கணும். 'வேண்டாம்'ன்னா பேசாம வந்து ஒக்காந்துரணும். கேக்காம எறங்குனா, நீ சரியா வெட்டலன்னு மூஞ்சியில அடிச்சாப்ல ஆவும். சண்டைதான் வரும். இன்னொண்ணு கேக்கேன், சொல்லு. கை கொடுக்கப் போனவ வெட்டுற கொழுந்து யாரு சாக்குக்குப் போவும்?"

அவளவள் சாக்குக்குத்தானே என்றேன்.

"நெரைக்காரி சாக்குக்குட்டி! ஒரு கை கொழுந்து கூட நீ எடுத்துக்கிட்டு வரக் கூடாது. அதான் கை கொடுக்கிறது. நீ ஒம் மனசுக்கு வெட்டி, ஒஞ் சாக்குல போட்டுக்கிட்டு, அவ பேர மட்டும் மேல ஒட்டியிருக்க. அவ கோவப்படாம என்ன செய்வா?"

எனக்கு முகம் சுட்டது. அத்தனை வருடம் மேல்ரோட்டிலிருந்து பார்த்தது கைகளை மட்டும்தான். குரல் அவ்வளவு தூரம் கேட்டதில்லை. கொழுந்து எந்தச் சாக்குக்குப் போகிறது என்றும் தெரிந்ததில்லை. ஒரு நாளாவது நிரையில் இறங்கியிருந்தால் தெரிந்திருக்கும். நான் இறங்கியதே இல்லை. தோட்டத்துப் பிள்ளை என்று இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவள், தோட்டத்துப் பழக்கத்தைப் பாதிதான் தெரிந்து வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அடுத்த நொடியே மனசு துள்ளியது. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டதே!

தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும். ஓடினேன். பெஞ்சுக்காரி, "மெல்லப் போட்டி, அட்டை கடிக்கும்" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தாள். இரண்டு தடவை அடித்தும் கஞ்சிக்கோட்டுக்காரி எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"கேக்காம உங்க நிரைக்குள்ள இறங்கிட்டேங்க," என்றேன். "தப்பு என்மேலதான். நான் எழுதினதை அழிச்சிடுறேன். இப்போ எதிர்முனையில நின்னு கூப்பிடுறேன். நான் வரட்டுமா, வேண்டாமா?"

"என்னங்க சொல்றீங்க? எந்த நிரை?"

எனக்கு விளக்கத் தெரியவில்லை. போனைப் பெஞ்சுக்காரி பிடுங்கிக்கொண்டாள். "எக்கா, வணக்கம். நான்தான் கத்திரிக்குச் சொந்தக்காரி. இவளுக்குக் கூறு கெடையாது, மன்னிச்சு விட்டுருங்க. ஆனா ஒண்ணு கேக்கணும். கொட்டும்போதுதான் நோவுன்னு சொன்னீகளாமே, அத எப்படிக்கா கண்டுபிடிச்சீக? இங்க ஆஸ்பத்திரியில சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்காக. வெட்டுறதுனாலதான்னு சொல்லி அனுப்பிருதாக. வெட்டும்போது ஒண்ணும் செய்யாது. பெட்டியத் தூக்கிப் பின்னால கொட்டுதேன் பாருங்க, அப்ப விண்ணுன்னு தெறிக்கும்."

போனிலிருந்து வந்த கூச்சல் எனக்கே கேட்டது. "நாஞ் சொன்னனல்லங்க! நாஞ் சொன்னனல்ல! வேலியில வெட்டிப் பாத்தே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க! அக்கா, நாளைக்கு நீங்க வேலைக்குப் போவீங்களா? நான் வாரனுங்க. பட்டையக் கொண்டாறேன். அவிகளையும் அங்கயே இருக்கச் சொல்லுங்க!"

போனை வாங்கி, "அப்போ நான் வரலாமா?" என்று கேட்டேன்.

"வாங்க வாங்க. கேட்டுட்டீங்கல்ல!" என்றாள். இத்தனைக்கும் அவள்தான் எங்கள் ஊருக்கு வருவதாகச் சொன்னாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் காரணம் என்று தனியாக எதுவுமில்லை.

மறுநாள் மத்தியானம் கஞ்சிக்கோட்டுக்காரி ஜீப்பிலிருந்து இறங்கினாள். மலை ரோட்டில் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தது. ஆனால் பையை யாரிடமும் கொடுக்கவில்லை. சாப்பாட்டு வேளையில் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, பெஞ்சுக்காரியின் மேல்கையில் பட்டையைக் கட்டினாள். பெண்கள் எல்லோரும் மடிக்கணினியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். பெஞ்சுக்காரி வெட்டினாள். திரையில் கோடு அசைந்தது, அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கினாள், பின்னால் சாய்த்தாள். கோடு எகிறிக் குதித்தது. "பாத்தியா! பாத்தியா!" என்று ஒரே இரைச்சல். "எனக்குக் கட்டு, எனக்குக் கட்டு" என்று வரிசை நின்றார்கள். பெஞ்சுக்காரி மட்டும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. "இத்தன வருசமா நான் பொய் சொல்லலட்டி" என்றாள்.

சம்மதக் கடிதத்தை அவள்தான் எழுதினாள். நான் தயார் செய்துகொண்டு போன தாளை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டாள். பட்டையைக் கட்டுகிற ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும். கிடைக்கிற முடிவை முதலில் இங்கே கொட்டகையில் வந்து சொல்ல வேண்டும், அப்புறம்தான் வேறெங்கும். கத்திரிக்கு மாற்றாக எதைச் செய்தாலும் முதலில் எங்கள் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். "எங்க கொழுந்து எங்க சாக்குக்கு வரணும்லா" என்றாள். பன்னிரண்டு பெண்கள் ஒப்புப் போட்டார்கள்.

கஞ்சிக்கோட்டுக்காரி இரண்டு நாள் அங்கேயே தங்கித் தன் பகுதியைத் தானே எழுதினாள். தமிழில் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதுவாள். என்ன கேட்டாளோ அதற்கு மட்டும் நான் பதில் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். விண்ணப்பத்தின் முதல் பெயர் யாருடையது என்று படிவம் கேட்டது. நான் யோசிப்பதற்குள் அவள் அங்கே என் பெயரைப் போட்டுவிட்டாள். "உங்களுக்குத்தானுங்க இது கடைசி. எனக்குத்தான் இன்னும் வருஷம் கெடக்குதே" என்று என் பேச்சையே எனக்குத் திருப்பிக் கொடுத்துச் சிரித்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் அனுப்பினோம்.

சில வாரம் கழித்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. இணையத்தில்தான். ஆளாளுக்கு அவரவர் கல்லூரியில் இருந்துதான் பேச வேண்டும். நான் பாலக்காட்டில், அவள் கஞ்சிக்கோட்டில். முதல் பத்து நிமிடம் நன்றாகப் போயிற்று. பிறகு குழுத் தலைவர், "வெட்டும்போது அளக்காமல் கொட்டும்போது அளப்பது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டார். கஞ்சிக்கோட்டுக்காரி வாயைத் திறந்தாள். திறந்தபடியே படம் நின்றுபோயிற்று. அப்புறம் அந்தக் கட்டம் கறுத்துவிட்டது.

அங்கே கரண்ட் போயிருக்கும். குழுவில் ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பதில் எனக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். நாக்கு நுனியில் நின்றது. கடைசி வருஷம், இந்தக் கேள்வியில் தடுமாறினால் எல்லாம் போச்சு என்று மண்டைக்குள் ஒரு சத்தம். நான் கையைத் தூக்கி, "ஒரு நிமிடம் கொடுங்கள். அது அவருடைய பகுதி. கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்தார். "உங்களுக்குப் பதில் தெரியாதா?"

"தெரியும் சார்."

அவர் புருவம் உயர்ந்தது. நான் கைப்பேசியை எடுத்து அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கீறல் விழுந்த திரையைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கரண்ட்டு போயிருச்சுங்க!" என்று எடுத்ததுமே அலறினாள்.

"தெரியுது. உங்க நிரைக்குள்ள வரட்டுமா?"

"வாங்க! சீக்கிரம் வாங்க! அந்த வேலி வெட்டுனதையுஞ் சொல்லுங்க!"

சொன்னேன். கல்லூரி வாசலில் வேலியை வெட்டியது, வாட்ச்மேன் சிரித்தது, கோடு எகிறியது, எல்லாவற்றையும் சொன்னேன். இதைக் கண்டுபிடித்தது என் கூட்டாளி. அவருக்கும் முன்னால் தெரிந்தவர்கள் அந்தப் பன்னிரண்டு பெண்கள். நான் முதலில் தப்பாகத்தான் எழுதினேன் என்றும் சொன்னேன். குழுவிலிருந்த ஒரு பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தலைவர் ஏதோ குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு நல்லதா கெட்டதா என்று தெரியாமல் ஒன்றரை மாதம் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதில் வந்த அன்று நான் வகுப்பில் இருந்தேன். கிடைத்துவிட்டது! முட்டியின் எலும்புகளைப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தவள் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன். கஞ்சிக்கோட்டுக்காரியும் நானும் போனில் என்ன பேசினோம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே நினைவில்லை. பேசினோமா, கத்தினோமா தெரியவில்லை. பெஞ்சுக்காரி தொட்டிப் பக்கம் வந்து கூப்பிட்டபோது சாயங்காலம் ஆகிவிட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"சரிட்டி," என்றாள். "சீக்கிரம் வாங்க. இந்தக் கை இன்னும் எழும்பல. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்கப் போவுது."

அடுத்த வாரமே போனோம். ஜீப்பை மேல்ரோட்டு வளைவில் நிறுத்தச் சொல்லி இரண்டு பேரும் இறங்கினோம். கீழே பச்சைக்கு நடுவில் ஈரம் படாமல் இடுப்பில் படுதா கட்டிய பெண்கள், கத்திரிச் சத்தம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் தினமும் நின்று பார்த்த அதே இடம். அங்கிருந்து ஒரு நாளும் நான் குரல் கொடுத்ததில்லை. கஞ்சிக்கோட்டுக்காரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாதையில் காலை வைக்கப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். வாயருகே கையைக் குவித்துக்கொண்டு கத்தினேன்.

"ஏட்டீ! வரட்டா?"

கத்திரிகள் நின்றன. பதில் வரும் வரை நாங்கள் நகரவில்லை. கீழே ஒரு தலை நிமிர்ந்தது. வலது கையைத் தூக்கப் பார்த்து, முடியாமல், இடது கையைத் தூக்கி ஆட்டினாள்.

"வாங்கட்டீ, ரெண்டு பேரும்!"